சுவரைத் தட்டினால் திரும்பும் மனிதர்

என் வீட்டுக்காரர் குணசேகரைப் பற்றி யாராவது கேட்டால் ‘டிரைவர்’ என்பேன். இன்னும் துருவினால் ‘ராத்திரி ஷிப்ட் டிரைவர்’ என்பேன். அதற்கு மேலும் கேட்டால் எனக்குக் கோபம் வந்துவிடும். அந்த மனிதரிடம் சொல்லிக்கொள்ளும்படியான விசேஷம் அவர் வண்டி ஓட்டும் விதத்தில் இல்லை, அவர் தூங்கும் விதத்தில்தான் இருக்கிறது. அதைப் போய் ஊருக்கெல்லாம் சொல்ல முடியுமா?

எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனிப் பிள்ளைகளை ராத்திரி முழுக்க ஏற்றி இறக்கிவிட்டு, விடிந்த பிறகு ஹெப்பகோடியில் இருக்கும் எங்கள் வாடகை வீட்டுக்கு வருவார். இட்லியைத் தின்றுவிட்டுப் படுப்பார். அவர் படுக்கும்போது நான் வேலைக்குக் கிளம்புவேன். கம்பெனி வளாகம் ஒன்றில் குழந்தைகள் காப்பகம் இருக்கிறது, அதில் எனக்கு ஆயா வேலை. ஆக, கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூங்குவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சர்ச்சில் பூசைக்குப் போய் வந்து கறிச்சோறு தின்ற பிறகு மட்டும்தான்.

அந்தத் தூக்கத்தைப் பார்க்க வேண்டுமே! என் அப்பா ஆசை ஆசையாகச் செய்து கொடுத்த இரட்டைக் கட்டில் அது. இவர் சுவரோரமாக, வலது பக்கம் ஒருக்களித்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்து, வாணலியில் சுருண்ட இறால் மாதிரி ஒரு முழ இடத்தில் கிடப்பார். மிச்ச இடத்தில் இன்னொரு குடும்பத்தைக் குடி வைக்கலாம்.

காரணம் இல்லாமல் இல்லை. அவர் கோலார் தங்கவயல்காரர். மாமனார் யேசுதாஸ் சுரங்கத் தொழிலாளி. சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீட்டில் ஒரே அறை, அதில் அப்பா, அம்மா, ஆறு பிள்ளைகள். எல்லோரும் மல்லாந்து படுத்தால் பாதிப் பேர் தெருவில்தான் கிடக்க வேண்டும். அதனால் மொத்தக் குடும்பமும் ஒருக்களித்து, ஒரே பக்கம் பார்த்து, அடுக்கி வைத்த மாதிரிப் படுக்கும். ஒருவர் மட்டும் புரள முடியாது. மாமனாருக்குத் தோள் வலித்தால், சுவரைப் பட் பட்டென்று தட்டி, “திரும்பு!” என்பார். வரிசை முழுக்கத் தூக்கம் கலையாமல் மறுபக்கம் புரண்டுவிடும். அவர்கள் வீட்டில் மட்டுமில்லை, லைன் முழுக்க எல்லா வீட்டிலும் இதே வழக்கம்தானாம்.

நானோ பிரேசர் டவுனில் ஒற்றைப் பிள்ளை. எனக்கென்று தனிக் கட்டில், கைகால்களை நாலு திசைக்கும் வீசித் தூங்கி வளர்ந்தவள். கல்யாணமான புதிதில் இந்தக் கதையைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். அதில் இருந்த வில்லங்கம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. இங்கே சுவரைத் தட்ட ஆள் இல்லை. ஆகவே மனிதர் திரும்பவே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரே பக்கமாகவே படுத்துக் கிடந்திருக்கிறார்.

போன மழைக்காலத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. எழுந்து உட்காருவதற்குள் எல்லாப் புனிதர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவார். “தாப்பாள் மாட்டிக்கின மாதிரி கீது ஹெலன்” என்பார். தைலம் தேய்த்தேன். ஒத்தடம் கொடுத்தேன். கொஞ்சம் திட்டியும் பார்த்தேன். ஒன்றுக்கும் அசையவில்லை.

வண்டியில் வரும் ஷ்ரேயா என்ற பெண் ஒருநாள் இவர் சீட்டிலிருந்து இறங்கப் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறாள். நல்ல பெண், கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். அதோடு விட்டாளா? ‘எங்கள் டிரைவர் அங்கிளுக்கு முதுகு வலி, தயவுசெய்து அவருக்கு உதவுங்கள்’ என்று கம்பெனிக்கு மெயில் போட்டுவிட்டாள். புண்ணியவதி! மறுநாளே டிராவல்ஸ் சூப்பர்வைசர் நாகேஷ் எங்கள் வீட்டு வாசலில் நின்றான்.

“குணாண்ணா, மெயில் மேல வரைக்கும் போயிடுச்சு. ஒரு மாசத்துல ஃபிட்னஸ் சர்டிபிகேட் கொடுங்க. இல்லன்னா ஸ்டியரிங் கொடுக்க எனக்குப் பர்மிஷன் இல்ல. ஆபீஸ்ல சேர் போட்டுத் தர்றேன், உக்காந்து போன் எடுத்தா போதும்” என்றான்.

நாகேஷ் போனதும் இவர் முதுகைப் பிடித்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். நான் கேலியாக, “நல்லதாப் போச்சு, ஃபேன் காத்துல உக்காந்துக்கலாம்” என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“சுரங்கத்த மூடினப்புறம் எங்கப்பா இன்னா பண்ணாருன்னு தெரியுமா? சேரப் போட்டுக்கினு சுவரப் பாத்துக்கினே குந்திக்கினு இருந்தாரு. சாவுற வரைக்கும். என்னால அப்டிக் குந்த முடியாதும்மே.”

 எப்படியாவது இந்த மனிதரை ஸ்டியரிங்கை விட்டு இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

பக்கத்துத் தெருவில் சுனிதா என்ற பிசியோதெரபிப் பெண் கிளினிக் வைத்திருந்தாள். “எப்படிப் படுப்பீங்க அங்கிள், படுத்துக் காட்டுங்க” என்றாள். இவர் கட்டிலில் ஏறி இறாலாகச் சுருண்டார். “அய்யோ தேவரே!” என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டு அலறி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு பொறுமையாகச் சொன்னாள். ஒருக்களித்துப் படுப்பது தப்பே இல்லையாம். ஆனால் மேலே இருக்கும் கால் முன்னால் சரிந்து விழும்போது இடுப்பை இழுக்கிறது, இடுப்பு முதுகெலும்பை முறுக்குகிறது. அதனால் இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு தலையணை வேண்டும். காலை லேசாக மடக்கினால் போதும், நெஞ்சுக்குக் கொண்டு போகக் கூடாது. தலைக்கு வைக்கும் தலையணை தோளின் உயரத்துக்கு இருந்தால்தான் கழுத்து தொங்காது. இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் அங்கே ஒரு துண்டைச் சுருட்டி வைக்கலாம். எழுந்திருக்கும்போது வெடுக்கென்று எழக் கூடாது. காலை முதலில் கீழே விட்டு, கையை ஊன்றி மெதுவாக எழ வேண்டும்.

“முக்கியமா ஒண்ணு அங்கிள். ஒரே பக்கமா கிடக்காதீங்க. நடுவுல திரும்பிப் படுங்க” என்றாள். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

முதலில் தலையணைப் பஞ்சாயத்து. விஷயம் எப்படியோ தங்கவயலுக்குப் போய்ச் சேர்ந்து, மாமியார் தாயம்மா போனில் பிடித்துக்கொண்டார். “தலைக்கி வெக்கிறத எவனாச்சும் கால்ல வெப்பானாடி? நீ படிச்சவதானே, உனக்குமா புத்தி இல்ல?” என்றார். “அத்தே, டாக்டரம்மா சொன்னது” என்றேன். “அவ வயசு இன்னா, என் வயசு இன்னா?” என்று போனை வைத்துவிட்டார். இவர் அம்மா பிள்ளை ஆயிற்றே! காலுக்கு வைக்கிற தலையணை தலைக்குப் போய்விடாதபடி அதற்குத் தனியாகக் கறுப்பு உறை தைத்துக் கொடுத்த பிறகுதான் சமாதானமானார்.

வைத்தால் மட்டும் நிற்குமா? முதல் நாள் தலையணை தரையில் கிடந்தது. மறுநாள் அது சன்னல் பக்கம் இருந்தது. இரண்டு காலையும் சேர்த்துத் துப்பட்டாவால் தளர்வாகக் கட்டிவிட்டேன். அன்றைக்குப் பார்த்து சிலிண்டர்காரர் கதவைத் தட்ட, மனிதர் கட்டோடு குதித்துக் குதித்துப் போய்த் திறந்திருக்கிறார். அந்த ஆள் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் ஒரு மாதிரியாகத்தான் சிரிக்கிறார். போகப் போகக் கால்கள் தாமாகவே தலையணையைக் கவ்விப் பிடிக்கப் பழகிவிட்டன. வலியும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது.

திரும்புவதுதான் நடக்கவில்லை. படுத்த பக்கம் படுத்தபடி எருமை மாதிரிக் கிடந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோளைப் பிடித்து உருட்டிப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் ஆத்திரம் பொங்கி, சுவரை ஓங்கித் தட்டி, “திரும்பு!” என்று கத்தினேன். புரண்டாரே பார்க்கலாம்! காலிடுக்கில் தலையணையோடு, வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு இடது பக்கம் போனார். குறட்டை ஒரு நொடிகூட நிற்கவில்லை.

ஞாயிறு சரி, மற்ற நாளில் யார் தட்டுவது? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். கேப் டிரைவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தத் தூக்கத்தில் இருந்தாலும் போன் அடித்தால் கை தானாக எடுத்துவிடும். நான் காப்பகத்திலிருந்து போன் போட்டேன். “அஞ்சே நிமிஷம் மேடம், டோல்கிட்ட வந்துட்டேன்” என்று தூக்கத்திலேயே பொய் சொன்னார். நான் அறைச் சுவரைத் தட்டி, “திரும்பு!” என்றேன். அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. என் பக்கமும் கேட்க வேண்டுமே! மத்தியானச் சாப்பாடு முடிந்து அப்போதுதான் கண் அசந்த குழந்தைகள் அத்தனையும் ஒரே குரலில் அழ ஆரம்பித்தன.

எங்கள் பொறுப்பாளர் வீணா மேடம் ஓடி வந்தார். “ஏன் ஹெலன், யார்கிட்ட இப்படிக் கத்துறீங்க?” என்றார். “என் ஹஸ்பெண்டைத் திருப்பிப் போட்டேன் மேடம்” என்றேன். மேடம் கையை நீட்டி வெளியே படிக்கட்டைக் காட்டினார். அதற்குப் பிறகு நான் படிக்கட்டுப் பக்கம் போய்த்தான் தட்டினேன். அங்கே இருக்கும் செக்யூரிட்டி ஆண்ட்ரூ என்னைக் கண்டதும் சிலுவை போட்டுக்கொள்வார்.

கெடு நாள் வந்தது. ராத்திரி ஷிப்ட் முடித்த கையோடு இவர் மருத்துவப் பரிசோதனைக்குப் போனார். நானும் லீவு போட்டுக் கூடவே போனேன். டிராவல்ஸ்காரர்கள் ஏற்பாடு செய்த இடம் அது. வராந்தா பெஞ்சில் இவரைப் போலவே ஷிப்ட் முடித்த டிரைவர்கள் வரிசையாக உட்கார்ந்து, சுவரில் தலையை வலது பக்கமாகச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோருமே தங்கவயல் லைன் வீடுகளில் வளர்ந்த ஆட்கள். பெஞ்சின் இடது கோடியில் டை கட்டிய ஒரு மருந்துக் கம்பெனிப் பையன் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான்.

உள்ளே டாக்டர் ப்ரஹ்லாத். “குனியுங்க” என்றார். இவர் பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மரக்கட்டையாகக் குனிந்தார். “வலிக்குதா?” “இல்ல சார்.” “பின்ன ஏன் உடம்பு இவ்வளவு டைட்டா இருக்கு?”  டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.  சரி, கட்டிலில் ஒருக்களித்துப் படுங்கள் என்று சொல்லிவிட்டு டாக்டர் ஒரு போன் பேசப் பக்கத்து அறைக்குப் போனார். பேசிவிட்டு வந்து பார்த்தால், உள்ளே குறட்டை!

டாக்டர் கூப்பிட்டார். தோளைத் தட்டினார். ம்ஹூம். முகம் கடுகடுத்தது. “அம்மா, படுத்ததும் இப்படித் தூங்குறவருக்கு நான் எப்படிச் சர்டிபிகேட் கொடுக்கிறது? வண்டியிலயும் தூங்குவார் இல்லையா?”

எனக்கு வந்ததே கோபம். “ஏன் சார், ராத்திரி பூரா வண்டி ஓட்டினவரைக் காலையில மெத்தையில படுக்க வெச்சா, தூங்காம என்ன பாட்டா பாடுவாரு? இத்தனை வருஷத்துல ஒரு கீறல் இல்ல அவர் வண்டியில. முதுகைத்தானே பாக்கணும்? பாருங்க!” என்று சொல்லிவிட்டு, ஆத்திரத்தில் சுவரைப் பட் பட்டென்று அறைந்து, “திரும்பு!” என்று கத்தினேன்.

குணசேகர் புரண்டார். ஒரு முனகல் இல்லை, ஒரு ‘அம்மா’ இல்லை. ஒரே உருட்டு. அப்போதுதான் நானே கவனித்தேன், தலைக்கு வைத்திருந்த தலையணையைத் தூக்கத்திலேயே உருவி முழங்காலுக்கு நடுவே கவ்வியிருந்தார். கால் சரியான மடிப்பில், முதுகு கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. டாக்டர் குனிந்து, அவர் இடுப்பு எலும்பைத் தொட்டு அழுத்திப் பார்த்தார். மனிதர் சுகமாகக் குறட்டை விட்டார்.

“இதை யார் சொல்லிக் கொடுத்தது?” என்று டாக்டர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வராந்தாவில் “ஏய், ஏய்!” என்று சத்தம். இருவரும் எட்டிப் பார்த்தோம். பெஞ்சில் வலது பக்கம் சாய்ந்திருந்த டிரைவர்கள் எல்லோரும் கண்ணைத் திறக்காமலே இடது பக்கம் சாய்ந்திருந்தார்கள். கடைசி ஆளின் தலை அந்த மருந்துக் கம்பெனிப் பையனின் தோளில் இருந்தது. பையன் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எங்களைப் பரிதாபமாகப் பார்த்தான்.

டாக்டர் ப்ரஹ்லாத் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். “முழிச்சிருக்கும்போது பயத்துலதான் இவர் முதுகு டைட்டாகுது” என்றார். நன்றாகத் தூங்கிவிட்டு ஓட்டச் சொல்லுங்கள், தலையணையை விட்டுவிடாதீர்கள் என்று என்னிடம் சொன்னார்.

ஆட்டோவில் வரும்போது இவர் அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைப்பார், எடுப்பார், மறுபடி வைப்பார். “நான் இன்னாம்மே பண்ணேன்? படுத்தேன், அவ்ளோதானே?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கண் கலங்கியிருந்தது. “ஒண்ணும் பண்ணல. உங்கப்பாதான் பாஸ் பண்ணி விட்டாரு” என்றேன். முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். எனக்கும் லீவு, அவருக்கும் ராத்திரி வரை வண்டி இல்லை. ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஒரு நாளில் இரண்டு பேரும் சேர்ந்து படுத்தோம். அவர் சுவரோரம், கறுப்பு உறைத் தலையணையோடு. நான் வழக்கம்போல மிச்சக் கட்டிலை ஆக்கிரமித்துக் கைகாலை வீசிக்கொண்டேன்.

நல்ல தூக்கம். எங்கேயோ தூரத்தில் பட் பட்டென்று சுவர் தட்டும் சத்தம் கேட்டது. “திரும்பு” என்று ஒரு குரல். கண் விழித்தபோது நான் கைகாலை ஒடுக்கிக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தேன். அவர் முதுகுப் பக்கம் ஒட்டி, அவர் பார்க்கும் பக்கமே பார்த்துக்கொண்டு. அவர் தூக்கத்தில் தட்டியிருக்கிறார், நானும் தூக்கத்திலேயே திரும்பியிருக்கிறேன்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒற்றைப் பிள்ளையாகத் தனிக் கட்டிலில் வளர்ந்தவள் நான். என்னையுமா அந்த வரிசையில் சேர்த்துவிட்டார்கள்? எழுப்பி நன்றாக நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். ராத்திரி வண்டி எடுக்க வேண்டிய மனிதர், தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். இன்னொரு முறை தட்டுவாரா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.