நாகநாதன் சார் கேட்ட மெமோ

திருக்காட்டுப்பள்ளி ரோட்டில் வயலைத் தூர்த்து எழும்பிய அந்தத் தனியார் கல்லூரியில், தொண்ணூற்றாறில் கதவு திறந்த நாளிலிருந்தே முதல்வர் அறைக்கு மரியஅந்தோணிதான் உதவியாளர். முதல்வர் சாரங்கபாணி மேஜை மணியை அடித்துத்தான் கூப்பிடுவார். ஒரு தரம் அடித்தால் டீ. இரண்டு தரம் அடித்தால் யாருக்கோ விளக்கம் கேட்டு மெமோ. மெமோவை நீட்டும்போது மரியஅந்தோணி முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்வார். “அண்ணே, சார் மூடு எப்படி?” என்று அவரைக் கேட்டுவிட்டுத்தான் பேராசிரியர்களே உள்ளே கால் வைப்பார்கள். “பத்து நிமிஷம் கழிச்சு வாங்க” என்று அவர் சொன்னால் துறைத்தலைவரும் காத்து நிற்பார். இந்த மரியாதைக்குச் சம்பளமே வேண்டாம் என்று மனைவி அக்னஸிடம் ஒருதரம் சொல்லப்போய், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இரண்டாயிரத்து ஒன்றில் சாரங்கபாணி, கம்ப்யூட்டர் வேலையில் இருந்த மகனோடு இருக்க அமெரிக்கா போய்விட்டார். அவர் இடத்துக்குத் திருத்துறைப்பூண்டியிலிருந்து கணிதப் பேராசிரியர் மெஹராஜ் பேகம் வந்தார்.

“பொம்பள நிர்வாகம் தாய் மாதிரி. எல்லாத்தையும் மன்னிச்சு விட்டுருவாங்க” என்றார் வணிகவியல் துறைத்தலைவர் நாகநாதன், நிம்மதியாக. மரியஅந்தோணிக்குத் தாய் என்றாலே விளக்குமாறுதான் ஞாபகத்துக்கு வரும்.

புது முதல்வர் மணியைத் தொடவே இல்லை. யாரிடமாவது பேச வேண்டுமென்றால் எழுந்து அந்தத் துறைக்கே போனார். ஃபைலைத் தூக்கிக்கொண்டு மரியஅந்தோணி மூன்று மாடியும் ஏறி இறங்கினார். மூடு கேட்க ஆளில்லை.

“ஒரு மெமோகூட இல்ல அக்னஸ். இப்படிப் போனா காலேஜ் என்னத்துக்கு ஆவும்?”

“உங்க தொப்பை கரையுதுல்ல, சும்மா இருங்க.”

நாகநாதனுக்குத் தஞ்சாவூரில் காலை டியூஷன் உண்டு. ஒன்பதரை வகுப்புக்குப் பத்தேகாலுக்குத்தான் வருவார். இதற்காகச் சாரங்கபாணி கொடுத்த மெமோ பதினொன்று. பதினொன்றுக்கும் ‘பஸ் பஞ்சர்’ என்று பதில் எழுதி, அழகாகக் கோத்து வைத்திருந்தார்.

ஒரு திங்கட்கிழமை ஒன்பதரைக்கு மெஹராஜ் பேகம் அந்த வகுப்புக்குப் போய்ச் சாக்பீஸை எடுத்தார். பத்தேகாலுக்கு நாகநாதன் வாசலில் வந்து திகைத்து நின்றார்.

“வாங்க சார். தேய்மானம் பாதி நடத்திட்டேன். நான் கணக்கு வாத்தியார்தானே, தப்பு இருந்தா சொல்லுங்க” என்று பின்பெஞ்சைக் காட்டினார் முதல்வர்.

செவ்வாயும் அப்படியே. ஒரு கடுஞ்சொல் கிடையாது. புதன்கிழமை, பக்கத்திலிருந்த இர்ஃபானா என்ற மாணவி தன் நோட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். “விட்டுப்போனத எழுதிக்குங்க சார்.”

அன்று மதியம் நாகநாதன் மரியஅந்தோணியை ஜெராக்ஸ் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

“அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். மேடம்கிட்ட சொல்லி எனக்கு ஒரு மெமோ வாங்கிக் குடுங்க.”

“மெமோவா சார்?”

“மெமோன்னா பதில் எழுதிரலாம். இதுக்கு என்னத்த எழுதுறது?”

மரியஅந்தோணி தயங்கித் தயங்கி முதல்வரிடம் சொன்னார். மெஹராஜ் பேகம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணீர் வரச் சிரித்தார். “மெமோ எதுக்கு அண்ணே? டியூஷன சாயங்காலத்துக்கு மாத்திக்கச் சொல்லுங்க.”

மறுநாள் ஒன்பது இருபதுக்கே நாகநாதன் போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கல்லூரிச் செயலாளர் நடராசனுக்கு விஷயம் எட்டியது. “ஆம்பள, பொம்பள ரெண்டு நிர்வாகமும் பாத்தவரு நீங்க. எது தேவலாம்?” என்று மரியஅந்தோணியிடமே கேட்டார்.

“அவரு இருந்தப்ப எல்லாரும் என்னப் பாத்துப் பயந்தாங்க சார். இப்ப ஒருத்தரும் பயப்படறதில்ல. ஆனா வேல நடக்குது” என்றார், கொஞ்சம் வருத்தமாகவே.

அந்த ஐப்பசி மழையில் கல்லூரி வளாகத்தில் முழங்கால் தண்ணீர். ஆசிரியர் கூட்டத்தில் டீ கொடுத்துக்கொண்டிருந்த மரியஅந்தோணியைப் பார்த்து, “நீங்க இந்த ஊருதானே அண்ணே, தண்ணிய எப்படி வடிக்கிறது?” என்றார் மெஹராஜ் பேகம். தட்டும் கையுமாக நின்றபடியே, காம்பவுண்டு சுவர் பழைய வடிகாலை அடைத்துவிட்டதையும், எந்த மூலையில் உடைக்க வேண்டும் என்பதையும் அவர் சொன்னார். கூட்டக் குறிப்பில் ‘முன்மொழிந்தவர்: மரியஅந்தோணி, அலுவலக உதவியாளர்’ என்று ஏறியது.

அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். அக்னஸ் இரண்டு தரம் படித்தாள்.

“தண்ணி வடிஞ்சுச்சா?”

“நாளைக்குத்தான் சுவத்த உடைக்கிறாங்க” என்றவர், தாளைத் திரும்ப வாங்கி மடிப்பு விழாமல் பைபிளுக்குள் வைத்தார்.