இடுப்பு வலி என்று சொன்னவள்

என் மகளின் வலிக்குப் பெயர் வைத்தவள் நான்தான். இடுப்பு வலி. தாம்பரத்து எலும்பு டாக்டரிடம் அவள் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டேன். "நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்திருக்கா டாக்டர், அதான்." அவர் எக்ஸ்ரே எடுத்தார், பெல்ட் கொடுத்தார். இரண்டு வருடம் அந்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டுதான் பெருங்களத்தூரில் ரயில் ஏறி வேலைக்குப் போய்வந்தாள்.

முதல் தடவை அங்கிருந்து வெளியே வந்ததுமே சொன்னாள். "அம்மா, வலி முதுகுல ஆரம்பிக்கல. அடிவயித்துல, அதுக்கும் கீழ. அங்கேர்ந்துதான் இடுப்புக்குப் போகுது. பீரியட்ஸ் டைம்ல உயிர் போகுது."

"நடு ரோட்டுல என்னடி பேச்சு இது? எனக்கு வராத வலியா? பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, சரியாயிடும்" என்றேன்.

அவள் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. நன்றாகவே புரிந்தது. பெண்களுக்கான டாக்டர் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார். ஆனால் அந்த வாசலில் 'மகப்பேறு மற்றும் பெண்கள் நலம்' என்று ஆளுயரத்துக்கு ஒரு போர்டு.

பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். அளவு எடுக்கும்போது வாய் சும்மா இருக்குமா? ஒருமுறை அந்த போர்டுக்குக் கீழே எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெண் தன் அம்மாவோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். "கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு அங்க என்ன வேலை?" வருகிறவர்களிடம் இதை மட்டும்தான் கேட்டேன். பத்துப் பேரிடம் கேட்டபின் அது கேள்வியாக இல்லை. என் மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது, அதே கேள்வியை அவளைப் பற்றி இன்னொருத்தி கேட்பாளே என்று பயந்தேன். எலும்பு டாக்டர் வாசலில் யார் உட்கார்ந்தாலும் யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஒரு நாள் காலை மகளின் போனிலிருந்து பூக்காரம்மா ஒருத்தி பேசினாள். "யம்மா, உன் பொண்ணு ஸ்டேஷன் படிக்கட்டுல சுருண்டு குந்திகினு கீது. சீக்கிரம் வா."

ஆட்டோவில் போய்த் தூக்கி உட்கார வைத்தேன். சுடிதார் வேர்வையில் நனைந்திருந்தது. இடுப்பில் அந்த பெல்ட். எங்கே போக வேண்டும் என்று ஆட்டோக்காரர் கேட்டபோது, அந்த நிலைமையிலும் நான் எலும்பு டாக்டர் தெருவைத்தான் சொன்னேன். எழுதவே கூசுகிறது. மகள் கண்ணைத் திறக்காமலே, "இல்லண்ணா, லேடி டாக்டர்" என்றாள்.

"எத்தனை நாளா வலி?" என்று அந்த டாக்டர் கேட்டார்.

"ரெண்டு வருஷமா இடுப்பு வலி" என்றேன் நான்.

"பிளஸ் டூ படிக்கும்போதிலிருந்து" என்றாள் மகள். டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். அதன்பின் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ஸ்கேன் எல்லாம் எடுத்து, எண்டோமெட்ரியோசிஸ் என்றார். கர்ப்பப்பையின் உட்சுவரில் இருக்கிற மாதிரியான திசு வெளியே வளர்ந்து, பின்பக்கம் ஒட்டிக்கொண்டு, இடுப்பு வரை இழுக்கிறதாம். மகள் அழுதாள். பயந்துவிட்டாளோ என்று தோளைத் தொட்டேன். "நான் நடிக்கலன்னு இப்பவாவது தெரிஞ்சுதாம்மா?" என்றாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மருந்துக்காக வெளியே காத்திருந்தோம். போர்டுக்குக் கீழே அந்தத் தெருக்கோடிப் பெண், மடியில் தடித்த ஃபைலோடு, தனியாக உட்கார்ந்திருந்தாள். என் மகளின் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். "உனக்குமா?" என்றாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீங்களாவது கூட வந்தீங்களே ஆன்ட்டி. எங்கம்மா இப்பல்லாம் வர்றதில்ல. தெருவுல யாரோ தப்பா பேசிட்டாங்களாம்."

யார் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. ஆனால் நான் அளவு எடுத்தபடி பேசிய நாட்களில் என் மகள் அடுத்த அறையில்தான் வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அவள் எழுந்துபோய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.