சொல்லாமல் விட்ட சர்க்கரை அளவு

ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருப்பது தெரிந்தும், "எல்லாம் நார்மல்தான்மா" என்று அவளிடம் சொன்னேன். வாய் தவறிச் சொன்னதல்ல. சோதனைக்கூடம் அனுப்பிய தாள் அப்போது என் சட்டைப் பையில் மடித்தபடி இருந்தது.

கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு, ஓர் அறக்கட்டளையின் ஆய்வுக்குப் பொறுப்பாளராக ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வந்தேன். 2009 என்று நினைவு. இருங்காட்டுக்கோட்டையைச் சுற்றித் தொழிற்சாலைகளுக்கு நிலத்தை விற்றவர்கள் மிச்சமிருந்த இடத்தில் வரிசை வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். தென்மாவட்டங்களிலிருந்து வந்த இளைஞர்கள் முதலில் நான்கைந்து பேராகச் சேர்ந்து தங்கினார்கள். வேலை நிலைத்ததும் கல்யாணம் செய்துகொண்டு, அதே மாதிரி அறை ஒன்றில் குடித்தனம் வைத்தார்கள். ஆண்கள் ஷிஃப்டுக்கும் ஓ.டி.க்கும் போய்விட, புதிதாக வந்த பெண்கள் பக்கத்து வீட்டு முகம்கூடப் பழகாமல் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டார்கள். பலரும் சாப்பிட்டது சோறும் ரசமும்தான். அப்படிப்பட்ட கர்ப்பிணிகளுக்குத் தினமும் சத்தான உணவு கொடுத்தால் பிள்ளைகள் நல்ல எடையோடு பிறக்குமா என்பதே எங்கள் கேள்வி.

உணவு என்பது இரண்டு உருண்டைகள். கேழ்வரகு, பொட்டுக்கடலை, வேர்க்கடலை எல்லாம் வறுத்து அரைத்து, வெல்லப்பாகு விட்டுப் பிடித்தது. பெண்கள் அதை லட்டு என்பார்கள். காலையில் எங்கள் களப்பணியாளர் வீடு வீடாகப் போய்க் கொடுத்து, கண்ணெதிரே ஒன்றையாவது சாப்பிட வைத்துவிட்டு வருவார். அவர் பென்னலூரைச் சேர்ந்த பெண்மணி. நாற்பது வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பாடகர் குழுவில் பாடுபவர். மற்ற ஆறு நாளும் அந்தக் குரல் எங்களுக்குத்தான்.

ஆய்வில் எனக்கு இருந்த ஒரே தலைவலி ஊர். தலைப்பிரசவத்துக்குப் பெண்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பஸ் ஏறினால் அதோடு சரி. பிள்ளையின் எடை என்ன என்று போன் போட்டுக் கேட்டால், "நல்லா இருக்கு சார், ரெண்டரையோ மூணோ" என்று பதில் வரும். அதை வைத்து என்ன செய்ய? பிறந்த உடனே எங்கள் தராசில் நிறுக்க வேண்டும். மாதக்கணக்கில் லட்டு கொடுத்து, ரத்தம் எடுத்து, கடைசியில் பதிவேட்டில் அந்தப் பெயர்மேல் ஒரு கோடு போடுவேன். கோடுகள் பெருகிக்கொண்டே போயின.

"இன்னும் ரெண்டு பேரு கெளம்புனா லிஸ்ட்ல நீங்களும் நானும்தான் சார் மிஞ்சுவோம்" என்றார் களப்பணியாளர். "எனக்கு மூணு பெத்தாச்சு. நீங்க இன்னா பண்ணப் போறீங்கன்னு பாருங்க."

நான் சொல்லவரும் பெண் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. இருபத்திரண்டு வயது. கணவன் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் உற்பத்தி லைனில் நின்றான். அவளுக்குத் தாய் இல்லை. மாமியார் ஊருக்கு வரச்சொல்லிக்கொண்டே இருந்தார். அவளை இங்கேயே பிரசவத்துக்கு இருக்கும்படி நான்தான் இரண்டு தடவை அறைக்குப் போய்ப் பேசினேன். பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம் என்றேன்.

"எங்க அத்தை ஏசுவாவ சார்" என்றாள். "ஆனா இவுகள விட்டுட்டுப் போவவும் மனசில்ல. ஹோட்டல்ல தின்னு வயித்தக் கெடுத்துக்கிடுவாக." பிறகு சிரித்தாள். "நீங்க இருக்கச் சொன்னீங்கன்னே சொல்லிருதேன். வாத்தியார் சொன்னா அத்தை ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

ஏழாம் மாதம் தொடங்கும் முன் எல்லோருக்கும் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்போம். அவளுடைய அளவு இருக்க வேண்டியதைவிட நன்றாகக் கூடியிருந்தது. கர்ப்ப காலத்தில் வரும் சர்க்கரை. உணவைச் சீர் செய்து, தேவைப்பட்டால் ஊசி போட்டால் கட்டுப்படும். விட்டுவிட்டால் தாயின் ரத்தத்துச் சர்க்கரை பிள்ளைக்கும் போய், வயிற்றுக்குள்ளேயே அது பெருத்துவிடும். இதை முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியவன் நான். இப்படி முடிவு வந்தால் அன்றே சொல்லி, லட்டை நிறுத்தி, மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்ற விதியை எங்கள் ஆய்வுத் திட்டத்தில் எழுதியவனும் நான்தான்.

அன்றே சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். சர்க்கரை என்ற சொல் காதில் விழுந்த மறுநாள் மாமியார் வந்து அழைத்துப் போய்விடுவார். போகாவிட்டாலும் லட்டை நிறுத்தியதும் அவள் ஆய்வில் இல்லை. இன்னொரு கோடு. நான்கு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம், அப்போதும் கூடுதலாக இருந்தால் சொல்லலாம் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் செய்துகொண்டேன். அந்த நான்கு வாரம் வந்தபோது, பிரசவத்துக்கு இன்னும் இரண்டு மாதம்தானே என்று அதையும் விட்டுவிட்டேன். லட்டு மட்டும் நிற்கவில்லை.

இதைவிட மோசமான ஒன்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அரசு மருத்துவமனையில் நர்ஸ் சர்க்கரைக்குப் பார்த்தாயிற்றா என்று அவளிடம் கேட்டிருக்கிறார். "லட்டு சார் பாத்துட்டாவ, நார்மலாம்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். அவர்கள் அப்படியே குறித்துக்கொண்டார்கள். நான் சொல்லாமல் விட்டதோடு போகவில்லை. சொல்லக்கூடியவர்களின் வாயையும் என் பொய் அடைத்துவிட்டது.

ஆண் பிள்ளை. நான்கு கிலோவுக்கு மேல். எங்கள் தராசில் அதுவரை அப்படி ஒரு எடை ஏறியதில்லை. வார்டில் இருந்த பெண்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவளுடைய கணவன் மிட்டாய் கொடுத்தான். நானும் ஒன்று வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். தலை வந்த பிறகு தோள் மாட்டிக்கொண்டு பெரும்பாடு பட்டதாக நர்ஸ் சொன்னார். துணியை விலக்கிக் காட்டினார். வலது கை காற்றைத் துழாவிக்கொண்டிருந்தது. இடது கை உடம்போடு ஒட்டி, உள்பக்கம் திரும்பி, அசையாமல் கிடந்தது. இழுத்து எடுத்தபோது தோள் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது, போகப்போகச் சரியாகலாம் என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் களப்பணியாளர் கேட்டார்.

"சார், இந்தப் பொண்ணுக்கு அன்னிக்கு எடுத்தோமே சுகரு, இன்னா வந்துச்சு?"

"ஆய்வு முடிகிறவரை முடிவுகளை வெளியே சொல்லக் கூடாதும்மா."

"நான் இன்னா வெளிய ஆளா? தெனம் அதும் வாயில லட்ட வெச்சவ நானு."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆண்டவரே" என்று மட்டும் சொல்லி நடந்தார். அதன்பிறகு வேலை சம்பந்தமாகத் தவிர என்னிடம் பேசியதில்லை.

கைக்கு உடற்பயிற்சி சிகிச்சை தர வேண்டும், வாரம் இரண்டு நாள் சென்னைக்குக் கூட்டிவர வேண்டும் என்றார்கள். கணவனுக்கு லீவு கிடைக்காது. நான் கூட்டிப் போகிறேன் என்றேன். ஏறக்குறைய ஐந்து மாதம் போனோம். பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடி அந்தக் கையை மெல்ல மடக்கி நீட்டிக்கொண்டே வருவாள். செம்பரம்பாக்கம் ஏரிக்கரை தெரியும்போது எட்டிப் பார்ப்பாள். "இம்புட்டுத் தண்ணியும் மெட்ராஸ்காரங்க குடிக்கவா சார்" என்று ஒருநாள் கேட்டாள். என்னைப் பற்றி ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். பெற்ற அப்பாகூட இப்படி அலைய மாட்டார் என்று அவள் கணவன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். அந்த நன்றியை நான் வாங்கிக்கொண்டேன். செய்த தவறுக்கு ஈடு செய்கிறேன் என்று நினைத்தேன். அவர்களுக்குத் தெரியாமல் செய்வதால் அது ஈடாகாது என்று எனக்குப் புரியாமல் இல்லை. தெரிந்தேதான் வாங்கிக்கொண்டேன்.

கை முழங்கை வரை உயிர் பெற்றது. தோள் எழும்பவில்லை. அந்தச் சமயத்தில் மாமியார் ஊரிலிருந்து வந்து தங்கினார். ஒருநாள் அவளைச் சிகிச்சைக்கு அழைத்துப் போக அறை வாசலில் நின்றபோது உள்ளே பேச்சு கேட்டது.

"நான் அன்னைக்கே வான்னேன், வந்தியாட்டி? இங்கனயே உக்காந்து லட்டா தின்ன. வாயக் கட்டத் தெரியாதவளுக்கு எதுக்குப் பிள்ள? நீ தின்ன தீனிதான் என் பேரன் கையில நிக்கி."

அவள் தாழ்ந்த குரலில், "நான்தான் அத்தை தின்னேன். ருசியா இருந்துச்சு. ரெண்டு குடுத்தா ரெண்டையும் தின்னுட்டேன்" என்றாள்.

பேசாமல் திரும்பிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது, அதையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்க சார், இந்தா கிளம்பிட்டேன்" என்றாள். இரண்டாவது ஷிஃப்ட் என்பதால் கணவனும் இருந்தான். நான் உள்ளே போய், நின்றுகொண்டே சொன்னேன். அவளுக்கு ஆறாம் மாதமே சர்க்கரை இருந்தது, எனக்குத் தெரியும், தெரிந்தும் நார்மல் என்றேன், அவள் ஊருக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகச் சொன்னேன், லட்டைத் தின்ன வைத்தது நான், அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. வாத்தியார் என்பதால் கோவையாகப் பேச வந்தது. அதற்காகவும் வெட்கப்பட்டேன்.

பிள்ளை மாமியார் மடியில் இருந்தான். அவர்தான் முதலில் வாய் திறந்தார். "நீரு படிச்ச மனுசன்லா?"

கணவன் என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, பொத்தான் போடாமலேயே வெளியே போய் நின்றான். அவள் மட்டும் கேட்டாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா இவன் கை நல்லா இருந்திருக்குமா?"

இந்த மாதிரிக் கேள்விக்கு, ஒரு தனிப் பிள்ளையைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது, பல பிள்ளைகளை வைத்துத்தான் சொல்ல முடியும் என்பது பாடத்தில் உள்ள பதில். அது பொய்யான பதில் அல்ல. ஆனால் அவளிடம் அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. "பெரும்பாலும் இருந்திருக்கும்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. அத்தை, நீங்க வாங்க எங்கூட" என்றாள். மாமியார் பிள்ளையோடு எழுந்து மருமகள் பின்னால் நடந்தார். கணவன் வாசலிலேயே என்னை நிறுத்தி, "இனிமே இந்தப் பக்கம் வராதீங்க சார்" என்றான். அப்போதும் சார் என்றுதான் சொன்னான்.

மறுநாள், நடந்தது அனைத்தையும் ஒரு தாளில் தமிழில் எழுதினேன். எந்த மாதம் சோதித்தது, அளவு என்ன, யார் மறைத்தது, அடுத்த கர்ப்பத்தில் இந்தப் பெண்ணுக்கு முதல் மாதத்திலிருந்தே சர்க்கரை பார்க்க வேண்டும் என்பது வரை. கையெழுத்திட்டு, சோதனைக்கூடத்துத் தாளையும் சேர்த்துக் களப்பணியாளரிடம் கொடுத்து அனுப்பினேன். அவர் வாங்கும்போது முழுவதையும் நின்றபடியே படித்தார். "இத்த அப்பவே எழுதியிருக்கலாம் சார். ஒரு வரிதான்" என்றார். இன்னொரு படியை அறக்கட்டளைக்கு அனுப்பினேன். அங்கே என்னை அழைத்து, இவ்வளவு வெளிப்படையாக எழுத வேண்டுமா என்று கேட்டார்கள். பதிவேடு முழுவதையும் வேறொருவரைக் கொண்டு சரிபார்க்கச் சொல்லிவிட்டு, பொறுப்பிலிருந்து விலகினேன். இனி முடிவுகளை நேரே பெண்களின் கையிலேயே கொடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அதை மட்டும் செய்தார்கள்.

அவர்கள் அறையை மாற்றிக்கொண்டு ஒரகடம் பக்கம் போய்விட்டார்கள். சிகிச்சையை அவள் விடவில்லை. மாமியாரோ, லீவு கிடைத்தால் கணவனோ கூடப் போனார்கள். நான் விசாரித்தால் களப்பணியாளர் சுருக்கமாகச் சொல்வார். பையன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான். இடது கை தோளுக்கு மேல் எழாது. சட்டை போட இன்னொருவர் வேண்டும். ஓட்டத்தில் முதல் ஆளாக வருவானாம்.

நான்கைந்து வருடம் கழித்து அவள் மறுபடி உண்டானாள். மருத்துவமனையில் முதல்நாளே, நர்ஸ் எதுவும் கேட்கும் முன்பாக, அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்திருக்கிறாள். மடிப்பில் கிழிந்துபோய், பின்னால் காகிதம் ஒட்டியிருந்ததாம். இந்தத் தடவையும் சர்க்கரை வந்தது. ஆரம்பத்திலேயே தெரிந்ததால் உணவைக் கட்டுப்படுத்தினாள், கடைசி இரண்டு மாதம் ஊசி போட்டுக்கொண்டாள். பெண் பிள்ளை, அளவான எடை, இரண்டு கையும் உதறிக்கொண்டு பிறந்தது. களப்பணியாளர் பார்த்துவிட்டு வந்து, பல வருடத்துக்குப் பிறகு என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து இதைச் சொன்னார்.

"உங்களாண்ட சொல்லச் சொல்லுச்சு சார்."

"என்ன சொன்னாள்?"

அவர் அவளுடைய பேச்சிலேயே சொல்ல முயன்றார். "'பிள்ள நல்லா இருக்குன்னு சார்ட்ட சொல்லிருங்க. பாக்கதுக்கு வரவேண்டாம்னும் சொல்லிருங்க.'"

நான் போகவில்லை.