ஒரே வரியில் முடித்த டீச்சர்

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி மதியம், தக்காளியைப் பழத்தில் சேர்ப்பதா காயில் சேர்ப்பதா என்று நானும் ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணும் செங்கம் ரோட்டில் அவளுடைய வாடகை அறையில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அவள் ஊரில் வருஷம் பிறக்கும்போது மேஜைமேல் பன்னிரண்டு விதமான உருண்டைப் பழம் இருக்க வேண்டுமாம். அப்போதுதான் வருகிற பன்னிரண்டு மாதமும் குறையில்லாமல் ஓடுமாம். மார்க்கெட்டெல்லாம் அலைந்து மாதுளையிலிருந்து நெல்லிக்காய் வரைக்கும் பதினொன்று சேர்த்துவிட்டோம். பன்னிரண்டாவதாக ஒரு தக்காளியைத் தூக்கி வைத்தாள்.

"அது ரசத்துக்குப் போடறதும்மா" என்றேன்.

"கடைக்காரர் தக்காளிப் பழம்னுதானே சொன்னார், அக்கா?" என்று இங்கிலீஷில் கேட்டாள். அக்கா மட்டும் தமிழ். வரலாறு படித்தவளிடம் வாய் கொடுத்தால் இதுதான் கதி. எதற்கும் ஒரு சாட்சி வைத்திருப்பாள். தக்காளி ஜெயித்தது.

அவளுக்கு இருபத்தெட்டு வயது. டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய வந்தவள். கோயிலைப் பற்றி இல்லை, மலையைப் பற்றியும் இல்லை. பௌர்ணமிக் கூட்டம் இப்படிப் பெருகுவதற்கு முன்னால் அடி அண்ணாமலை ஜனங்கள் எப்படிப் பிழைத்தார்கள், பெருகிய பிறகு என்ன ஆனார்கள் என்பதுதான் அவள் விஷயம். "சாமியைப் பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க. சாமி பார்க்க வர்றவங்களுக்கு இட்லி விக்கிறவங்களைப் பத்தி யாரும் எழுதலையே" என்றாள். அந்தப் பேச்சில் மயங்கித்தான் நான் மாட்டிக்கொண்டேன். நான் வேங்கிக்காலில் குடியிருக்கிறேன், அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். ஜூலையிலிருந்து சனி ஞாயிறு தவறாமல் அவளோடு கிரிவலப் பாதையில் நடந்து, அவள் கேள்வியைத் தமிழில் கேட்டு, வருகிற பதிலை இங்கிலீஷில் சொல்வது என் வேலையாக இருந்தது.

பாதையில் அவளை முதலில் மணிப்பூர் என்றார்கள், அப்புறம் நேபாளம், அப்புறம் சைனா. மூன்று வேளையும் சோறு கேட்கிறாள், கையால் பிசைந்து சாப்பிடுகிறாள் என்று தெரிந்ததும், "அட, நம்ம பொண்ணுதாம்பா" என்று விட்டுவிட்டார்கள்.

வருஷக் கடைசியில் தன்னுடைய வருஷத்தைத் தானே எழுதி, யாராவது ஒருத்தர் முன்னால் உரக்க வாசித்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வழக்கம். தனியாக எழுதினால் மனுஷன் கூசாமல் பொய் எழுதுவான், எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் கொஞ்சமாவது பயப்படுவான் என்பாள். இந்த வருஷம் எதிரில் உட்கார வேண்டிய ஆள் நான். அரையாண்டு விடுமுறைதானே என்று நானும் ஒரு சப்போட்டாவைத் தோலுரித்துக்கொண்டு வசதியாக உட்கார்ந்தேன்.

முதலில் சுலபமான பாவங்கள் வந்தன. வெண்பொங்கலும் வடையும் சேர்ந்து தன்னுடைய மூன்று ஜீன்ஸையும் பெட்டிக்குள் அனுப்பிவிட்டன என்று வாசித்தாள். அம்மாவோடு வாரம் ஒரு தடவை பேசுவதாகச் சொல்லிவிட்டு மாதம் ஒரு தடவைதான் பேசினாளாம். கிறிஸ்துமஸ் அன்று வீடியோவில் கூப்பிட்டால் அம்மா முகத்தைக் காட்டாமல் குழம்புச் சட்டியை மட்டும் காட்டினாராம். தீபத்தன்று லட்சம் பேர் மலை உச்சியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்ட அந்த நிமிஷத்தில், தான் குனிந்து பையில் பேனா தேடிக்கொண்டிருந்ததையும் ஒப்புக்கொண்டாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பக்கத்தில் நின்று முதுகில் தட்டித் தட்டிப் பார்த்தவளே நான்தான்.

அப்புறம் வேலையைப் பற்றி வாசித்தாள். "இந்த ஊரில் நான் பேசியவர்களில் யாருக்குமே கோபம் இல்லை. என் ஊரில் ஒரு பாட்டியிடம் ரோடு போட்ட கதையைக் கேட்டால் செருப்பைக் கழற்றுவார். இங்கே எல்லாரும், மாற்றங்கள் வந்தன, ஏற்றுக்கொண்டோம் என்கிறார்கள். மலையடிவாரத்து மனிதர்களின் இந்த அமைதிதான் என் ஆராய்ச்சிக்கே மையம். அந்த அத்தியாயத்தை எழுதிவிட்டேன். அடுத்த வாரம் பேராசிரியருக்கு அனுப்புகிறேன்."

சப்போட்டாவை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

அமைதியாவது, மண்ணாங்கட்டியாவது! அந்த அமைதி முழுக்க நான் தயாரித்தது. பாதையோரம் இட்லிக்கடை போட்டிருக்கும் ஓர் அம்மாவிடம் ஆகஸ்டில் பேசினோம். அந்த அம்மா அரை மணி நேரம் விளாசித் தள்ளினார்.

"பொண்ணு கல்யாணத்துக்கு நெலத்த வித்தோம்மா. வாங்குனவன் ரூமு கட்டிக்கினான், சரி, கட்டிக்கோ. கெணத்தயும் சேத்து வளச்சிக்கினான். எங்க மாமனாரு வெட்டுன கெணறு. இப்ப அந்தத் தண்ணிய கேன்ல புடிச்சி எனக்கே விக்கிறான். நானும் வாங்கி இட்லிக்கு ஊத்தறேன். நல்லா இருப்பானா அவன்?" அதற்கு மேலே சொன்னதெல்லாம் இங்கே எழுத முடியாது.

பேனாவோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள் இவள். நான் சொன்னேன்: "தண்ணீர் விஷயத்தில் சில மாற்றங்கள் ஏற்பட்டதாகச் சொல்கிறார்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால் என்ன சொல்வது? விருந்தாளி கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது உள்ளே சண்டை நடந்தால், கதவைச் சாத்திவிட்டு வந்து "ஒண்ணுமில்லீங்க, மிக்ஸி ஓடுது" என்று சொல்கிற வம்சம் நாங்கள். அவளும் விருந்தாளி. நம் ஊர் அசிங்கம் அவளுக்கு எதற்கு என்று நினைத்தேன். போகப் போக அதுவே பழக்கமாகிவிட்டது. ஒரு பூக்கார அம்மா, "இந்த வயசுல கல்யாணம் பண்ணாம இன்னாத்துக்கு ஊர் சுத்துது இது?" என்று கேட்டார். அதை "உங்கள் ஆராய்ச்சிக்கு வாழ்த்துகள்" என்று மாற்றிக் கொடுத்தேன். இந்தப் பைத்தியம் எழுந்து நின்று கைகூப்பி நன்றி சொன்னது. பூக்கார அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

"எப்படி இருக்கு, அக்கா?" என்று நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டால் முடிந்தது. எங்கோ ஒரு நூலகத்தில் கிடக்கப்போகிற புத்தகத்தை யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? ஆனால் இட்லிக்கடை அம்மாவுக்குக் கோபமே கிடையாது என்று அச்சில் வந்துவிடும். தண்ணீர் விஷயத்தில் சில மாற்றங்கள் ஏற்பட்டதாக வந்துவிடும். அதை நினைத்ததும் எனக்கே என்னைப் பிடிக்காமல் போய்விட்டது. சொல்லிவிட்டேன். கிணறு, கேன், வாழ்த்துகள், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் நோட்டை மூடினாள். "எத்தனை பேரோட பேச்சை மாத்தினீங்க?" என்றாள்.

"எல்லாரோடதும். கொஞ்சம் கொஞ்சம்."

ரெக்கார்டு செய்ய வேண்டாம் என்று ஊரில் முக்கால்வாசிப் பேர் சொல்லியிருந்தார்கள். அதனால் அவள் நோட்டில் இருந்ததெல்லாம் என் வாயிலிருந்து வந்ததுதான். ஆறு மாத உழைப்பு. பிப்ரவரியில் விசா முடிகிறது. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்று, அவள் பாஷையில் ஏதோ நீளமாகச் சொன்னாள். மொழிபெயர்க்க ஆள் இல்லை. திட்டு என்று மட்டும் புரிந்தது. எனக்கு வேண்டியதுதான். கடைசியில் திரும்பிப் பார்க்காமலே, "நாளைக் காலையில இட்லிக்கடை. நீங்க வரணும்" என்றாள்.

வராமல் எங்கே போவேன்?

புது வருஷம் என்று காலையிலேயே பாதையில் கூட்டம் ஜாஸ்தி. இவள் உடம்பெல்லாம் உருண்டைப் புள்ளி போட்ட கவுனில் வந்தாள். அதுவும் அவர்கள் ஊர் வருஷப் பிறப்பு வழக்கமாம். அத்தனை புள்ளிக்கு நடுவில் முகத்தை உர்ரென்று வைத்திருந்தாள். இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்த அந்த அம்மாவிடம் போய் நின்று, நான் செய்த திருட்டுத்தனத்தை நானே சொன்னேன்.

அந்த அம்மா இடுப்பில் கை வைத்தார். "அப்பவே நெனச்சேன் டீச்சரம்மா! நான் அரமணி நேரம் கத்தறேன், நீ ஒரே வரில முடிச்சிட்ட. இங்கிலீசுல பேச்சு கம்மி போலன்னு வுட்டுட்டேன்."

அதை அப்படியே இவளிடம் சொன்னேன். முந்தின நாள் மதியத்துக்கு அப்புறம் முதல் தடவையாகச் சிரித்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த அம்மா இவளை ஸ்டூலில் உட்கார வைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் வாக்கியம் வாக்கியமாகச் சொன்னேன். வசவு வந்த இடத்தில் திணறிப்போனேன். பதினெட்டு வருஷமாக இங்கிலீஷ் சொல்லித்தருகிறேன், ஒரு நல்ல வசவு தெரியவில்லை. தெரிந்ததை வைத்துச் சமாளித்தேன். நிலம் வந்தது, கல்யாணம் வந்தது, கேன் வந்தது. போன தடவை நான் நடுவில் புகுந்து முடித்துவிட்டதால் சொல்லாமல் போன ஒன்றும் இப்போது வந்தது.

"இன்னிக்கும் விடிகாலைல எழுந்தா குடத்த எடுத்துக்கினு காலு தானா கெணத்தாண்ட போவுதும்மா. காம்பவுண்டு செவுத்தாண்ட போய் நின்னாத்தான் ஞாபகம் வருது. யாரும் பாத்துட்டாங்களான்னு வெக்கமா இருக்கும். திரும்பிடுவேன்."

அதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். இவள் பேனாவை நிறுத்தினாள். கண்ணிலிருந்து நோட்டின்மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

அந்த அம்மா பதறிப்போனார். "அய்ய, காலங்காத்தால புள்ளய அழ வுட்டுட்டனே. டீச்சரம்மா, ஒண்ணுமில்லன்னு சொல்லு அதுகிட்ட."

இவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "என்ன சொல்றாங்க, அக்கா?"

"ஒண்ணுமில்லைன்னு உன்கிட்ட சொல்லச் சொல்றாங்க" என்றேன்.

அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.