டிவிக்கு வைத்த சந்தனப் பொட்டு

எங்கள் தொடக்கப்பள்ளிக்கு வந்த அந்த வாத்தியார் ஒல்லியான ஆள். எதைச் சொல்வதற்கு முன்னும் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். வகுப்பில், விரலால் தொட்டு எழுதும் பெரிய டிவி புதிதாக வந்திருந்தது. பள்ளியைக் கூட்டுகிறவள் நான். ஆயுத பூசைக்கு அதன் நடுவிலேயே கெட்டியாகச் சந்தனப் பொட்டு வைத்தேன்.

விடுமுறை முடிந்து டிவியைப் போட்டால், யாரும் தொடாமலே கோடு கிழிக்கிறது. நான் வைத்த பொட்டால்தானோ என்று தோன்றியது. ஆனாலும் மறைத்துப் பழக்கமில்லை.

"நான்தான் சார் பொட்டு வச்சேன். கெட்டுப்போச்சா?"

கண்ணாடியைத் துடைத்தார். "ஒண்ணும் ஆகலம்மா. சந்தனத்தை விரல்னு நெனச்சுக்கிட்டு எழுதுது."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஈரத்துணியால் துடைத்ததும் டிவி அடங்கியது. எனக்கும் மூச்சு வந்தது.

அடுத்த வருடம் சந்தனம் குழைத்து வந்தவர் அவர்தான். "ஓரத்துல வைங்கம்மா" என்றார். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். யாரிடம் கேட்டாரோ, பதம் சரியாக இருந்தது.