அழுங்குப் பொந்துக்குப் போன தடம்

எங்கள் வனச்சரக அலுவலகத்தில் அந்த அக்காவுக்கு எக்ஸ்ரே என்று பெயர். வேட்டைத் தடுப்புக் காவலர் வேலை. ஜீப் ஓட்டுகிற என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் தினமும் வண்டியில் ஏறுவார். தேநீர்க் கடைக்காரர் ஒரு நாள் சர்க்கரையைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டதற்கு, அவருக்குத் தன்னால் என்ன காரியம் ஆகவேண்டுமோ என்று என்னைக் குடைந்தவர்.

எங்கள் மழைக்காட்டில் அழுங்கு அருகிவிட்டது. உடம்பெல்லாம் செதில் மூடிய எறும்புத்தின்னி அது. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். திருடனுக்குச் சாக்கில் போட வசதி. செதிலுக்காக அப்படிப் பிடித்தே தீர்த்துவிட்டார்கள் பாவிகள். அந்த நிலையில்தான், விழுந்து கிடந்த மரத்தின் வேரடியில் ஒரு தாய் குட்டியோடு இருப்பதை அக்கா கண்டுபிடித்தார். காட்டில் மரத்தில் கட்டிவைத்த தானியங்கிக் கேமராவில், தாயின் வாலில் குட்டி தொற்றிக்கொண்டு போகும் படத்தைப் பார்த்து அவர் அழுதார். இடத்தை ரேஞ்சரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. என்னிடம்கூட.

அதோடு அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. அழுங்கு பகலில் பொந்தின் வாயை உள்ளிருந்தே மண்ணால் அடைத்துக்கொண்டு தூங்கும். அந்த மண் கலையாமல் இருக்கிறதா என்று காலையிலும் மாலையிலும் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

சந்தேகம் ஊரெல்லாம் சுற்றி வீட்டுக்குள் வந்தது. கணவரின் தம்பி அவர்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தார். மர அறுவை மில்லில் வேலை, அதிகம் பேசமாட்டார். பேசாதவனை நம்பக்கூடாது என்பது அக்காவின் கட்சி. பேசுகிறவனையும் நம்பமாட்டார், அது வேறு. கொழுந்தன் சாப்பிட உட்கார்ந்ததும் வாசலில் கிடக்கும் அவர் செருப்பைப் புரட்டிப் பார்ப்பார். ஒரு நாள் அதில் காட்டுச் சேறு ஒட்டியிருந்தது. உடனே பொந்துக்குப் போகும் வழியில் இன்னொரு கேமராவை மறைத்துக் கட்டினார். கொழுந்தன் அகப்பட்டார். கையில் ஒரு மரக்கிளை, குனிந்த தலை, கண் தரையில்.

"பொந்தைத் தேடிக்கிட்டுப் போறான்" என்றார் அக்கா. நானும் ஆமாம் போட்டேன்.

ரேஞ்சர் கூப்பிட்டு விசாரித்தபோதும் அவர் வாயைத் திறக்கவில்லை. விசாரணை முடியும்வரை காட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று உத்தரவானது. வீட்டில் அண்ணன் தம்பி பேச்சு நின்றது. அக்கா மட்டும் நிம்மதியாக, அப்போதும் இரண்டு வேளையும், பொந்தைப் பார்த்துவரப் போனார்.

அந்த வாரமே பொந்தைத் தோண்டிவிட்டார்கள். தாயும் இல்லை, குட்டியும் இல்லை.

கேமராவில் இரண்டு பேர் இருந்தார்கள், கடப்பாரையும் சாக்குமாக. யாரென்று தெரியவில்லை. அவர்களும் தலையைக் குனிந்தே நடந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஈரச் சேற்றில் வரிசையாக அக்காவின் பூட்ஸ் தடங்கள் பதிந்திருந்தன. கொழுந்தன் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தோம். அவருக்கு முன்னால் அதே தடங்கள். அவர் கடந்து வந்த இடத்தில் தடமே இல்லை, கிளையால் இழுத்து மூடிய வெறும் சருகு.

அக்காவை வீட்டில் இறக்கிவிட்டு நானும் கூடவே உள்ளே போனேன். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கொழுந்தனைக் கேட்டார்.

"நீங்க நடந்து நடந்தே வழி போட்டுட்டீங்கன்னு ரேஞ்சர்கிட்ட சொன்னா உங்க வேலை போயிடும். உங்ககிட்ட சொன்னா, பொந்து இருக்கிற இடம் உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. நான் என்ன அண்ணி செய்யறது?"

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் தூரத்துக் கேமரா ஒன்றில் வேறொரு அழுங்கு தெரிந்தது, வாலில் குட்டியோடு. மறுநாள் காட்டோரம் ஜீப்பை நிறுத்தினேன். அக்கா இறங்கவில்லை. கதவுக் கம்பியை இறுகப் பிடித்தபடி மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போய்ப் பாக்கலையாக்கா?"

"நான் போகாம இருக்கறதுதான் அதுக்குக் காவல்" என்றார்.