பதின்மூன்றாவது எலி

இந்த ஜப்பானிய ஊரில் நான் ஆய்வு செய்யும் பல்கலைக்கழகத்துக்குத் தினமும் காலை ஒன்பது மணிக்கு இறைச்சிக்கூடத்திலிருந்து ஒருவர் வேனில் வந்து, இடுப்பு வளைய எனக்கு வணக்கம் சொல்லி, ஒரு வாளி பன்றி ரத்தத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். வாளியின் மேல் 'கழிவு' என்று எழுதியிருக்கும். வந்து ஒன்றரை வருடமாகியும் அந்தச் சொல் என்னை உறுத்துகிறது. சுங்குவார்சத்திரத்தில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருப்பவரின் மகள் நான். எங்கள் கடையில் ரத்தத்தை அலுமினியத் தட்டில் பிடித்து உறையவைப்போம். கறிக்கு முன்னால் அதுதான் விற்றுப்போகும். உங்கள் ஊரில் ரத்தத்தை என்ன செய்வீர்கள் என்று என் பேராசிரியர் ஒருநாள் கேட்டார். வெங்காயமும் மிளகும் போட்டு வறுப்போம் என்றேன். அதையும் ஓர் ஆய்வு முறை என்று நினைத்துக்கொண்டு, எத்தனை டிகிரியில் என்று கேட்டுக் குறிப்பெடுக்கத் தொடங்கிவிட்டார்.

அந்த ரத்தத்தின் புரதத்தை என்சைம் ஊற்றிச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைப்பதுதான் என் வேலை. அந்தத் துண்டுகளுக்குப் பெப்டைடு என்று பெயர். அவற்றில் சில, ரத்தக்குழாய் இறுகாமல் தடுக்கின்றன. ரத்த அழுத்தம் உள்ள பன்னிரண்டு எலிகளுக்கு அதைக் கொடுத்து, வாலில் பட்டை கட்டி அளக்கிறோம். முதல் தடவை அழுத்தம் இறங்கியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ரத்தத்திலிருந்தே பிரஷருக்கு மருந்து எடுக்கிறேன் என்று அன்றே அப்பாவுக்குக் கடிதம் போட்டேன். அடக்கம் எனக்கு என்றைக்கும் வந்ததில்லை.

அப்பாவுக்கும் பிரஷர் உண்டு. பதிலை அம்மாதான் எழுதியிருந்தார். அப்பா மாத்திரையை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் ரத்தப் பொரியல் சாப்பிடுகிறாராம். என் கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறாராம். ஒருநாள் கறி வெட்டும்போதே தலைசுற்றிச் சாய்ந்துவிட்டாராம். கத்தி காலருகே விழுந்ததாம். தப்பு என்னுடையது. எலிகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் என் பெருமையை மட்டும் எழுதியிருந்தேன்.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாப் டெலிபோன் பூத்துக்குப் போன் போட்டு, பக்கத்திலிருக்கும் எங்கள் கடையிலிருந்து அப்பாவைக் கூப்பிடச் சொன்னேன்.

"ரத்தந்தான் மருந்துன்னு நீதானம்மா எழுதுன? பெத்த பொண்ணு படிச்சிட்டுச் சொல்றத வுட்டுட்டு டாக்டர் சொல்றதயா கேக்கறது?"

"அது எலிக்குப்பா. நாங்க அத ஒடச்சி, பிரிச்சி, அளந்து குடுக்கறோம். நீ உப்பப் போட்டு வறுத்துத் துண்ற. மாத்திர போடு. இல்லன்னா எல்லாத்தயும் வுட்டுட்டு நான் கெளம்பி வந்துடுவேன்."

பஸ் ஹாரனுக்கு மேலே குரலை உயர்த்தி அப்பா சொன்னார்: "மாத்திர போட்டுக்கறேன். கடுதாசியயும் கழட்டிடறேன். நீ வந்துடாத."

அவரை மிரட்டுவதற்குத்தான் அப்படிச் சொன்னேன். ஆனாலும் அந்தக் கடைசி வார்த்தை எனக்கு வலித்தது.

இப்போது வாரத்துக்கு ஒருமுறை அம்மா அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், பிரஷர் அளவைக் கடிதத்தில் எழுதி அனுப்புகிறார். என் நோட்டில் பன்னிரண்டு எலிகளுக்கும் கீழே, தமிழில் 'அப்பா' என்று போட்டு, அதை எழுதிவைக்கிறேன். பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு, பதின்மூன்றாவது எலி எந்தக் கூண்டில் இருக்கிறது என்று கேட்டார். சுங்குவார்சத்திரத்தில் என்றேன். அது எந்த மாடி என்று கேட்டார்.

இன்று வந்த கடிதத்தில் அளவு நன்றாக இறங்கியிருக்கிறது. மாத்திரை வேலை செய்கிறது, எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கடிதம் வர பத்து நாளாகிறது. பன்னிரண்டு எலிகளின் இன்றைய அழுத்தமும் எனக்குத் தெரியும். நோட்டில் அப்பாவின் இன்றைய கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.